எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்னு

மருமகள்: …மூணையுமா, அத்தை?

மாமியார்: மூணு பழைய கம்ப்யூட்டரையும்தான். காயலாங்கடைக்காரர் பதினோரு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கார். ரெண்டு வருஷமா நீயும் உன் புருஷனும் இதைத்தானே கேட்டீங்க? ‘இந்த டப்பாவெல்லாம் எப்போ வெளியே போகும்?’னு…

மருமகள்: அது விளையாட்டுக்குச் சொன்னது…

மாமியார்: தினமுமா?

மருமகள்: பழைய சாமான் கடை கடையா அலைஞ்சு நீங்க தேடி வாங்கினதாச்சே! ஒன்னு எழுத, ஒன்னு உதிரி பாகத்துக்கு, ஒன்னு…

மாமியார்: ஒன்னு சும்மா பாத்துக்கிட்டிருக்க. ஆபீஸ்ல இந்தக் கறுப்புத் திரை முன்னாடிதான் பாதி ஆயுசு போச்சு. ரிட்டயர் ஆனப்புறம் விரல் சும்மா இருக்க மாட்டேன்னுது, வாங்கினேன். போதும்.

மருமகள்: ஏன் போதும்? நீங்கதானே சொல்வீங்க, ‘இது மவுஸ் கேட்காது, நெட் கேட்காது. டைப் பண்ணின கட்டளையை மட்டும் செய்யும். தப்பா அடிச்சா, எனக்குத் தெரியாதுன்னு ஒரே வரியில ஒத்துக்கும்’னு…

மாமியார்: ‘இந்த வீட்டுல அப்படி ஒத்துக்கிற ஒரே ஜீவன்’னும் சொன்னேன். அதை விட்டுட்டியே.

மருமகள்: அது எங்க எல்லாருக்கும் பொதுவாச் சொன்னது.

மாமியார்: ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. சரி, தள்ளு. குடுக்கறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கறதைச் சுத்தமா அழிச்சுடணும். ஃபார்மட்னு அடிச்சாச்சு… ம், ‘எல்லாம் போயிடும், சம்மதமா’ன்னு கேட்குது. யெஸ்ஸுக்கு இந்த ஒய் பட்டனை ஒரு தட்டு தட்டினா…

மருமகள்: அத்தை! இருங்க!

மாமியார்: என்ன?

மருமகள்: இல்ல… உங்க டயரி எல்லாம் அதுலதானே…

மாமியார்: பிளாப்பி டிஸ்க்குல எடுத்துத் தனியா வெச்சுட்டேன்.

மருமகள்: எல்லாத்தையுமா?

மாமியார்: என்னோடது எல்லாத்தையும். வேற யாரோடது அதுல இருக்கப்போகுது?

மருமகள்: யாரோடதும் இல்லையே! நான் அந்தப் பக்கமே போனதில்லை. நீங்க காலையில வாக்கிங் போறப்போகூட நான் அடுப்படியை விட்டு நகர்றதில்லை.

மாமியார்: வாக்கிங்கைப் பத்தி இப்போ யார் கேட்டா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன்…

மருமகள்: முதல்ல அந்த விரலை எடுங்க, அத்தை!

மாமியார்: விரல் ஒய் மேலதான் இருக்கு. எனக்கு நரம்புத் தளர்ச்சி வேற. சீக்கிரம் சொல்லு.

மருமகள்: வேண்டாம் அத்தை! என் நாவல் அதுல இருக்கு!

மாமியார்: அப்படி வா வழிக்கு. வேண்டாம்னு அழுத்தியாச்சு. மூச்சு விடு.

மருமகள்: ஃபைலுக்கு ‘மருந்துச் சீட்டு’ன்னுதானே பேர் வெச்சேன்… எப்படித் தெரிஞ்சது?

மாமியார்: பேரை யார் பாத்தா? தேதியைப் பாத்தேன். இந்த மெஷினுக்குள்ள இருக்கற சின்ன பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. ஆன் பண்ணும்போதெல்லாம், ‘இன்னைக்கு என்ன தேதி?’ன்னு நம்மளையே கேட்கும். நான் சோம்பேறி, வெறும் என்டரைத் தட்டிட்டுப் போயிடுவேன். அதுவும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்னுன்னு நினைச்சுக்கும். என் ஃபைல் அத்தனைக்கும் அதே தேதிதான்.

மருமகள்: ஐயோ…

மாமியார்: நடுவுல ஒன்னே ஒன்னு மட்டும் இந்த வருஷம் மார்ச் பதினேழு, காலை ஆறு நாப்பதுன்னு நிமிர்ந்து நின்னுச்சு. கேட்ட உடனே தேதி, நேரம் ரெண்டையும் ஒழுங்காப் போடற ஆள் இந்த வீட்டுல யாரு? உன் புருஷனா? அவனுக்குக் கல்யாண நாளே ஞாபகம் இருக்காது.

மருமகள்: எங்க லேப்ல தேதி போடாத ரத்த ட்யூபைக் கீழே கொட்டிடுவாங்க, அத்தை. கை தானாப் போட்டுடுச்சு…

மாமியார்: அந்தக் கைதான் காட்டிக் குடுத்துச்சு. சரி, உன்கிட்டதான் பளபளன்னு லேப்டாப் இருக்கே?

மருமகள்: அதுல ஒரு வரி எழுதறதுக்குள்ள பத்து மெசேஜ் வந்துடுது. உங்க டப்பா முன்னாடி உக்காந்தா யாருமே கூப்பிடறதில்லை. மதியம் டியூட்டிக்குப் போறதுக்குள்ள எனக்குன்னு கிடைக்கிற நேரம் அதுதான். அப்போதான் நான் நிஜமா சந்தோஷமா இருக்கேன். இத்தனை நாள் கிண்டல் பண்ணிட்டு, எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட கேக்கறது?

மாமியார்: அதனாலதான் அரை மணி நேர வாக்கிங்கை நான் ஒன்றரை மணி நேரமா ஆக்கினேன். கெண்டைக்கால் கழண்டு விழுது.

மருமகள்: டாக்டர் சொன்னார்னீங்களே!

மாமியார்: எந்த டாக்டர்? பார்க்ல பெஞ்சு தேடி உக்காந்து, மணி பாத்துக்கிட்டிருந்தேன்… பெல் அடிக்குது பார். அவர்தான்.

மருமகள்: அத்தை, குடுத்துடாதீங்க, ப்ளீஸ்…

மாமியார்: வாங்கிட்டுப் போகவா வரார்? கொண்டு வரார். நாலாவது. உனக்கு. பேட்டரிகூடப் புதுசு போடச் சொல்லிட்டேன்.

மருமகள்: அத்தை… எனக்கே எனக்கா? ஆமா, நீங்க அதைத் திறந்து படிச்சீங்களா?

மாமியார்: சேச்சே! அடுத்தவங்க எழுத்தைத் திறந்து பாக்கற பழக்கம் எனக்குக் கிடையாது.

மருமகள்: நிஜமா?

மாமியார்: நிஜமா. போய்க் கதவைத் திற, பாவம் மனுஷன் தூக்கிக்கிட்டு நிக்கறார்.

மருமகள்: திறக்கறேன். ரெண்டு வாரம் முன்னாடி என் ஃபைலும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்னுக்குப் போயிருந்துச்சு, அத்தை. பதினாலாவது அத்தியாயத்துல நான் சாகடிச்ச மாமியார், கண்ணைத் திறந்து ‘காபி எங்கே?’ன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்தக் கோவத்துலதான் மெஷினையே தூக்கறீங்களோன்னு இப்போ உசுரே போயிடுச்சு… நான் அவங்களை மறுபடி சாகடிக்கலை. ரெண்டு அத்தியாயம் தள்ளி வந்தாச்சு, நல்லாத்தான் இருக்காங்க. தினமும் காலையில ஒன்றரை மணி நேரம் வாக்கிங்கூடப் போறாங்க.