கோட்டுக்குள் அத்தான் இல்லை

காலை நாலே முக்காலுக்கு எழுந்திருப்பேன். முகம் கழுவிவிட்டு, முந்தின நாள் நீற்றி வைத்த சுண்ணாம்பைச் சலித்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருவேன். இரண்டு முளைகளுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டுவேன். அடியில் துளை போட்ட சிரட்டையில் சுண்ணாம்பை நிரப்பி, கயிற்றை ஒட்டித் தட்டிக்கொண்டே நடப்பேன். பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம், நடுவில் ஒரு கோடு. முடிக்க முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். பிறகு பால் விடாமல் ஒரு கட்டஞ்சாயா. இப்போது இங்கே விளையாட யாரும் வருவதில்லை. கோடு மட்டும் போடுகிறேன்.

எங்கள் கிளப்பின் செயலாளர் கனகதாஸ் போன வாரம் வந்தார். என் மனைவி அம்மிணியின் பெயரில் பெண்களுக்கு ஒரு வாலிபால் கோப்பை நடத்தப்போகிறார்கள். அதற்கு ஒரு மலர் அச்சாகிறது.

"சாரே, ஒரு பக்கம் மதி, கூட வேண்டாம். அவ கடைசியாட்டு சொன்னத மட்டும் மறந்துராம எழுதணும். வாசிக்கவனுக்குக் கண்ணு நெறையணும், பாத்துக்கிடும்" என்றார்.

அந்த வாக்கியம் ஏற்கெனவே பேனரில் எழுதப்பட்டுவிட்டது. 'கப்பு நமக்காக்கும் சாரே.' அவளை எரித்த அன்று நான்தான் அதைச் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. போலீஸ் வரவில்லை. கேள்வி கேட்ட முதல் ஆள் கனகதாஸ்தான், அதுவும் மலருக்காக. கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

என் பெயர் சுந்தரன். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, வாலிபால் பயிற்சியாளருக்கான படிப்பையும் முடித்தேன். பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில் முதலில் ஆண்கள் அணி ஒன்றை உருவாக்கினேன். நல்ல அணி. எழுபத்தேழிலிருந்து எண்பதுக்குள் அதில் ஆறு பேர் வளைகுடாவுக்குப் போனார்கள். வலைக்கு மேல் ஒரு முழம் எழும்பி அடிக்கிற ராபின்சன் ஷார்ஜாவில் கம்பி கட்டுகிறான் என்று கடிதம் வந்தது. அவன்மீது எனக்குக் கோபமில்லை. அவனுடைய கையை அப்படி ஆக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது, அவ்வளவுதான். பெண்களுக்கு அவ்வளவு சுலபமாக விசா வராது என்று கணித்து, பெண்கள் அணியைத் தொடங்கினேன்.

அம்மிணி என் மாமா தங்கப்பனின் மகள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அத்தான் என்றுதான் பெயர். அணியில் அவள் செட்டர். அதாவது, அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். அப்படி ஒரு விரலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எண்பதில் திருமணம் நடந்தது. விரலுக்காகத்தான் கட்டினேன் என்று ஊரில் கேலி செய்தார்கள். அது முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது.

மாமா ஒரு ஜன்மியின், அதாவது பெரிய நிலக்காரரின், தென்னந்தோப்பில் நாற்பது வருஷம் வேலை செய்தவர். தோப்புக்குள்ளேயே குடிசை. நிலச் சட்டம் வந்தபோது, குடியிருந்த இடம் பத்து சென்ட் அவருக்குச் சொந்தமானது. பட்டயத்தைத் தகரக் குழாயில் போட்டு, தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவார். ஐந்து தென்னை, ஒரு பலா மரம், மிச்சமெல்லாம் மரச்சீனிக் கிழங்கு. அந்த மண்ணைத்தான் மகளுக்குக் கொடுத்தார். மாமா தன் மகன் வீட்டுக்கு இடம் மாறினார்.

பத்து சென்ட் என்றால் நானூற்றுச் சொச்சம் சதுர மீட்டர். கோர்ட்டும் அதைச் சுற்றி விட வேண்டிய இடமும் சேர்த்தால் முந்நூற்று அறுபது. மண் நீள்சதுரமாகக் கிடந்தது. அளந்து பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஒரு கடைசியில் வீடு, மறு கடைசியில் கிணறு, நடுவில் எல்லாம் கோர்ட்.

மாமா செய்தி கேட்டு ஓடி வந்தார்.

"எலே மக்கா, இந்தப் பத்து சென்டுக்கு நான் ஒரு ஆயுசு கெடந்தேனாக்கும். இதுல பந்து தட்டவா போறிய?"

நான் அம்மிணியைப் பார்த்தேன்.

"மரச்சீனி சந்தையில கிட்டும், அப்பா. கோர்ட்டு கிட்டாது" என்றாள் அவள்.

மரங்களை வெட்டச் சொன்னது அவள்தான். நான் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பயிற்சியாளனுக்கு அது தெரிய வேண்டும்.

மனைவியை அணியில் வைத்திருப்பவன் ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மற்ற பெண்கள் முணுமுணுப்பார்கள். முதல் நாளே அவளிடம் சொன்னேன்: "கோட்டுக்குள்ள நிக்கும்ப நீ என்னெ அத்தான்னு விளிக்கப்பிடாது. சாருன்னுதான் விளிக்கணும். அத்தான்னு விளிச்சா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போக கோர்ட்டைத் தாண்ட வேண்டும். காலையில் வாளியோடு கோட்டை மிதித்ததும் என்னைப் பார்த்துக் கும்பிடுவாள். "சாரே, எங்க வீட்டுல அத்தான்னு ஒரு ஆளு உண்டு. நேத்து சோறு உண்ணாம ஒறங்கியாச்சு. கண்டா ஒண்ணு சொல்லிக் குடுக்கணும்" என்பாள். கோட்டைத் தாண்டியதும் திரும்பி, "அத்தான், உங்க சாரு பொல்லாத மனுஷனாக்கும்" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், முதல் வருஷம்.

மூன்று வருஷம் நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. என் அம்மாவைத் தகனம் செய்த அன்று மாலையிலும் பயிற்சி நடந்தது. களைப்பு என்று எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. களைப்பு தெரிகிற இடம் எப்போதோ மரத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அம்மிணி கேட்டாள்: "மூணு நாளாட்டு கொழம்புல உப்பு போடல்ல, அத்தான். ஒண்ணும் தெரியல்லியா?" தெரியவில்லை. அவள் எழுந்து போய் உப்பை எடுத்துவந்து இலையில் வைத்தாள்.

குழந்தை வேண்டும் என்றாள். சீசன் முடியட்டும் என்றேன். சீசன் முடிந்ததும் அடுத்த சீசன் தொடங்கியது.

இன்னொரு விதி தண்ணீர். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் வைத்திருந்த விதிதான் அது. பயிற்சி முடியும்வரை தண்ணீர் கிடையாது. வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. தண்ணீர் குடித்தவன் கால் கனக்கும் என்பார்கள். எண்பத்திரண்டில் ராபின்சன் லீவில் வந்தபோது அணிக்கு ஆரஞ்சு நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் ஜாடி ஒன்று கொண்டுவந்தான். கீழே குழாய் வைத்தது. ஊற்றிய தண்ணீர் சாயங்காலம்வரை குளிர்ந்தே இருக்கும். அதை உள்ளே வைக்காமல் கோட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு வைத்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே விளையாடப் பழகினால் மனசு உறுதிப்படும். கடைசி விசில் ஊதினால்தான் குழாயைத் திறக்கலாம். தினமும் அதை நிரப்புவது அம்மிணியின் வேலை.

எண்பத்திமூன்று மார்ச்சில் அவளுக்கு இடுப்பு வலியும் விட்டு விட்டுக் காய்ச்சலும் வந்தன. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சோதித்துவிட்டு, அவள் உள்ளே சேலை சரிசெய்துகொண்டிருந்தபோது, என்னிடம் மலையாளத்தில் சொன்னார். சிறுநீரகத்தில் சீழ் இருக்கிறது. இரண்டு மாசம் ஓய்வு வேண்டும். வெயிலே ஆகாது. தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "டாக்டரு என்ன சொன்னாரு, அத்தான்?"

"சூடுதான். மாத்திரை தந்திருக்காரு."

"அவ்வளவுதானா? நான் பேடிச்சுப் போனேன்" என்று சிரித்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். சீட்டை வாலிபால் விதிப் புத்தகத்துக்குள் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, கனகதாஸ் வந்து பார்க்கலாம். மாவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் இல்லாமல் அணி இல்லை. இந்தத் தடவை ஜெயித்தால் திருவனந்தபுரத்தில் எனக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்கும் பேச்சு இருந்தது. அதற்கப்புறம் இரண்டு மாசம் என்ன, ஆறு மாசம்கூட அவள் படுத்திருக்கலாம். பன்னிரண்டு நாள்தான். நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

போட்டி மதியம் மூன்று மணிக்கு நடக்கும் என்று தெரிந்ததால் பயிற்சியையும் மூன்று மணிக்கு மாற்றினேன். உடம்பு அந்த வெயிலுக்குப் பழக வேண்டும். மீன மாசத்து வெயில், பங்குனி வெயில். நிழல் தர ஒரு மரமும் இல்லை.

மூன்றாம் நாள். இரண்டு மணிக்கு அவள் ஜாடியை நிரப்பினாள். மூடியைத் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன்.

அன்று பாய்ந்து எடுக்கிற பயிற்சி. நான் இடமும் வலமுமாக முப்பது பந்து எறிவேன். ஒவ்வொன்றையும் விழுந்து எடுக்க வேண்டும். மற்றவர்கள் முடித்து, கடைசியில் அம்மிணி வந்தாள். பன்னிரண்டாவது பந்தில் எழுந்து ஜாடியைப் பார்த்து நடந்தாள். விசில் ஊதினேன். திரும்பி வந்தாள். பத்தொன்பதாவது பந்தின்போது அவளுக்கு வியர்ப்பது நின்றுவிட்டதைக் கவனித்தேன். அது என்ன அடையாளம் என்று நான் படித்திருக்கிறேன். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

இருபத்துமூன்றாவதில் "அத்தான்" என்று கூப்பிட்டாள். நான் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. கோட்டுக்குள் அந்தப் பெயரில் யாரும் இல்லை. "அத்தான்" என்று மறுபடியும் கூப்பிட்டாள். பந்தை எறிந்தேன்.

அணியில் இளையவள் பிரிஜித், கடற்கரைப் பக்கத்துப் பெண், அவள்தான் ஓரத்திலிருந்து சொன்னாள்: "சாரே, அக்காவுக்கு வய்ய. முகத்தப் பாருங்க, கரிஞ்சு போச்சு. இத்திரி வெள்ளம் குடிக்கக் குடுக்கட்டா?"

"பந்து முடியட்டு" என்றேன்.

இருபத்தொன்பதுக்குப் பிறகு அம்மிணி எழுந்து நேராக நின்றாள். என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்டது. பழைய கேலி என்று எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து அவள் மறுபடி விளையாடுகிறாள் என்று நினைத்து, சிரிக்கக்கூடச் செய்தேன். அப்படித்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லி வைத்திருக்கிறேன். கேலி செய்பவளின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண் என் முகத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

முப்பதாவது பந்தை எறிந்தேன். அவள் கையைத் தூக்கவில்லை. பந்து தோளில் பட்டு உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. அவள் உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள்.

பெண்கள் ஓடி வந்தார்கள். நான் முதலில் விசிலை ஊதினேன், விசில் ஊதாமல் ஜாடியைத் தொடக் கூடாது என்பதால். அப்புறம் குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்து அவள் வாயில் ஊற்றினேன். இரண்டு பக்கமும் வழிந்து மண்ணில் போனது. ஆட்டோ வந்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. ஐந்தரைக்கு முடிந்தது. வெயில் தாக்கியது என்று எழுதினார்கள். சீட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அவள் செத்த ஒன்பதாம் நாள் அணியைப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். பதினாறாம் நாள் சடங்குகூட முடியவில்லை என்று மாமா வாசலில் நின்று சொன்னார். அவள் ஆசை அதுதான் என்றேன். 'கப்பு நமக்காக்கும் சாரே.' அவர் நம்பினார். பிரிஜித் செட்டர் இடத்தில் ஆடினாள். இரண்டாவது செட்டில் பெண்கள் அழத் தொடங்கினார்கள். அழுதால் உடம்பில் நீர் குறையும், நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார்கள். ஜெயித்தோம்.

நிரந்தர வேலை கிடைத்தது. நான் போகவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். மாமா சில நாள் காலையில் வந்து கோட்டுக்கு வெளியே நிற்பார். "மக்கா, இனி மரச்சீனி நட்டுக்கிடட்டா?" என்று கேட்பார். கோர்ட் கெட்டுவிடும் என்பேன்.

இதைக் கொலை என்று யாராவது சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. சீட்டை மறைத்தவன் நான். வியர்வை நின்றதைப் பார்த்தவன் நான். இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பாதவன் நான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் அத்தானைக் கூப்பிட்டபோது அங்கே நின்றது பயிற்சியாளன். வேறு யாராவது நின்றிருந்தால் கட்டாயம் தண்ணீர் கொடுத்திருப்பான். இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், இதில் தவறு எதுவும் தெரியவில்லை.

கனகதாஸ் பேனரை மாற்ற வேண்டியிருக்கும். இருபத்தொன்பதாவது பந்துக்கும் முப்பதாவது பந்துக்கும் நடுவில், என் முகத்தை நேராகப் பார்த்து, மரியாதையாக, அவள் சொன்னது இதுதான்:

"சாரே, எங்க அத்தான ஒண்ணு விளிச்சுத் தருவியளா?"