எனக்குக் கொடுத்த பாத்திரம்

டீ பேட சார். நிஜமாகவே வேண்டாம், ஹெப்பாள் பஸ் ஸ்டாப்பில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் குடியுங்கள். இன்ஸ்பெக்டர் பசவராஜ் நீங்கள்தானே? கொள்ளேகால்காரர், தமிழ் நன்றாகப் புரியும் என்று வாசலில் சொன்னார்கள். அதனால்தான் தமிழிலேயே சொல்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடத்தில் படித்தவன் நான், கன்னடம்தான் எனக்குச் சரளம். ஆனால் ரூபா மேடமும் நானும் தனியாகப் பேசினால் தமிழ்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் பெயர் கவின்ராஜ். ஊர் கௌதள்ளி. இங்கே எம்.ஏ. இலக்கியம் படிக்கிறேன். போன மாதம் பாலாற்றில் விழுந்து இறந்துபோனாரே ரூபா மேடம், அவர்தான் எங்களுக்குக் குறியீடுகளும் தொல்படிமங்களும் நடத்தியவர். அந்தச் சாவை எல்லோரும் விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

தொல்படிமம் என்றால் பயப்படாதீர்கள். எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் அதே ஆட்கள்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். நாயகன், வழிகாட்டி, வாசலை மறிக்கும் காவலன், கூடவே வரும் தோழன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மேடம் நடத்திக் கேட்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வகுப்பில் ஒருத்தன் போனைத் தொடமாட்டான்.

ஒருநாள் விளையாட்டாக ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். கிரணுக்கு நாயகன். கிரண் பைக்கில் வருகிற பையன், பாதி நாள் வரவும் மாட்டான். என் முறை வந்தபோது மேடம் யோசிக்கவே இல்லை. “கவின் நம்ம தோழன். விசுவாசமான தோழன். இவன் இல்லேன்னா நாயகன் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது, கொத்தா?” என்றார். தெரியுமா என்பதற்குக் கொத்தா, கொத்தா என்று எதற்கெடுத்தாலும் சொல்வார். மைசூர்த் தமிழ் அப்படித்தானே.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை சார். தோழன் எங்கே கோபப்படுவான்? மூட்டை தூக்குவான், வழியில் சோறு பொங்குவான், கடைசியில் நாயகனுக்கு மாலை விழும்போது கூட்டத்தோடு கூட்டமாக நிற்பான். அந்தப் பாத்திரம் எனக்குப் பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றியது. சட்டை இறுக்கினால் மாற்றிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

எப்படி மாற்றிக்கொள்வது என்பதையும் மேடமே சொல்லிக்கொடுத்தார். வழிகாட்டி பாதிக் கதையில் போய்விட வேண்டும். “அவர் பக்கத்துலயே இருந்தா இவன் கடைசி வரைக்கும் குழந்தையாவே இருந்துடுவான். அவர் போனாத்தான் இவன் ஆளாவான்” என்றார். “அப்ப உங்களை என்ன பண்றது மேடம்?” என்று கிரண் கேட்டான். வகுப்பே சிரித்தது. “பரீட்சை முடியட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று மேடமும் சிரித்தார். இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிச் சிரித்துக் கெடுக்கிறார்களே என்று எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

இன்னொரு நாள் வேடன் என்கிற படிமம். போர்டில் கன்னடத்தில் இரண்டே எழுத்து எழுதினார். பேட. “வேடன்னும் அர்த்தம், வேண்டாம்னும் அர்த்தம். எழுதினாலும் ஒண்ணுதான், சொன்னாலும் ஒண்ணுதான். எது எதுன்னு யார் முடிவு பண்றது? சொல்றவங்களா, கேக்கறவங்களா?” கேட்கிறவர்தான் என்று நான் சொன்னேன். “அப்ப யாருமே எதையுமே வேண்டாம்னு சொல்ல முடியாதேப்பா” என்றார். நல்ல பதில்தான். ஆனால் அன்று எனக்கு வேடனைப் பிடித்துப்போனது. வேடனுக்குத் தோழன் கிடையாது. காட்டில் தனியாக நிற்பவன், உயிரைத் தன் கையால் முடிப்பவன்.

பாலாற்றுக்குப் போகலாம் என்று சொன்னதும் மேடம்தான், நான் இல்லை. எல்லை என்பதே ஒரு குறியீடு, தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்டில் நின்று பார்த்தால்தான் புரியும் என்றார். வேனில் கிளம்பினோம். வழியில் கௌதள்ளியில் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா களி கிண்டி, கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க டீச்சர், எம்பட பையன் எதையும் வெளிய சொல்லமாட்டானுங்க. மனசுக்குள்ளயே வெச்சுக்குவான். நீங்கதான் பாத்துக்கோணும்” என்றாள். “அவன்தான்மா எங்களைப் பாத்துக்கறான். பை எல்லாம் அவன்தான் தூக்கறான்” என்றார் மேடம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேடம் இலையில் மறுபடி குழம்பு ஊற்றினாள்.

மாதேஸ்வரன் மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மேடம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். “ஸ்பீட் பேட அண்ணா, பேட பேட” என்று டிரைவரிடம் ஓயாமல் சொன்னார். பயந்துவிட்டால் அவருக்குக் கன்னடம்தான் வரும். வகுப்பில் பல்லி விழுந்தாலும் “அய்யோ தேவ்ரே” என்பார்.

பாலாற்றில் இறங்கியதும் மற்றவர்கள் மீன் வறுக்கிற கடைகளுக்கு ஓடிவிட்டார்கள். மேடம் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கூடப் போனேன், தோழன் அல்லவா. மழை பெய்து தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. எந்தப் பாறையில் பாசி வழுக்கும் என்பது மாடு மேய்த்தவனுக்குத் தெரியும், மைசூரில் வளர்ந்தவருக்குத் தெரியாது. “அந்தப் பாறையில நின்னா ஆறு நல்லாத் தெரியும் மேடம்” என்றேன். நன்றாகத்தான் தெரியும் சார், நான் பொய் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினார். நான் வாங்கிக்கொண்டேன்.

தள்ளவில்லை. கான்ஸ்டபிளிடம் அதை அழுத்தி எழுதச் சொல்லுங்கள். அவராகத்தான் வழுக்கினார், நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இடுப்புவரை தண்ணீரில் இருந்தார். ஒரு கையில் அவர் செருப்பு, இன்னொரு கையில் அவர். தூக்கியிருக்கலாம். அவர் ஒன்றும் கனம் இல்லை, எனக்கும் மூட்டை தூக்கிப் பழக்கம்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னைப் புரிந்துகொண்டார் என்று அப்போது தெரிந்தது. “பேட” என்றார். “பேட, கவின்” என்றார்.

விரல்களைத் திறந்தேன். செருப்பை விடவில்லை.

பிறகு நானும் குதித்தேன். ஊரார் பார்க்க என்று நினைக்காதீர்கள். தண்ணீரைக் கடந்து எழுபவன் புதிதாகப் பிறக்கிறான் என்பது பாடத்தில் இருக்கிறது. நனைந்து கரையேறியபோது கிரண் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அம்மா போனில், “நீயாச்சும் பொழச்சியே கண்ணு. அந்தம்மா மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது” என்று நாள் பூராவும் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மேடம் போல நடத்த இனி ஆள் கிடைக்குமா?

இப்போது ஏன் வந்தேன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. முந்தாநாள் கல்லூரியில் இரங்கல் கூட்டம். பிரின்சிபால் என்னை மேடைக்குக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “கடைசி நிமிடம்வரை ஆசிரியைக்குத் துணையாக நின்ற விசுவாசமான மாணவன்.” மறுநாள் பேப்பரிலும் அதே வார்த்தை. மேடத்தின் படத்துக்கு மாலை போட்டது கிரண். அந்த மாலையைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்.

யோசித்துப் பாருங்கள் சார். அவ்வளவு தூரம் போய், அவ்வளவும் செய்து, மறுபடி அதே பாத்திரம். மேடம் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். அவர் கடைசியாகக் கொடுத்த பாத்திரம் வேறு. சாகிற நேரத்தில் தவற்றைத் திருத்தி, என்னை வேடன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

கான்ஸ்டபிள் கை ஏன் நிற்கிறது? என்ன எழுதியிருக்கிறார்? வேண்டாம் என்றா? அதைத்தான் திருத்தச் சொல்கிறேன். என்னிடம் அவர் எப்போதும் தமிழில் பேசுவார். வேண்டாம் என்று கெஞ்ச நினைத்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பாரே, எதற்குக் கன்னடத்துக்குப் போகிறார்? கேட்டது நான். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. எழுத்து ஒன்றுதான், அர்த்தம் வேடன். பக்கத்தில் அப்படியே குறித்துக்கொள்ளட்டும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

மறுபடியும் டீயா? பேட சார். ஒரு தடவை சொன்னால் புரியாதா உங்களுக்கு?