எல்லாருக்கும் சேத்து ஒரு பொன்ஜூர்

ஓம் முகைதீன்பாவா காக்கா, உள்ளதான் இரிக்காங்க, ஏழு பேர். மகன் கிசோக், அவன்ட பொஞ்சாதி, பொஞ்சாதிட ஆக்கள் அஞ்சு பேர். பின்னேரம் ஊராக்களுக்குச் சாப்பாடு, அதான் உங்களிட்ட கதிரை கேட்ட.

ஓம், வெள்ளக்காரப் புள்ளதான். பிரான்சில கட்டினவன். எனக்கெங்க காக்கா பிரெஞ்சு? கைப்பாசைதான். ஆனா என்ட மனிசி மீனாம்பிகைக்குத் தெரியும். சிரிக்காதீங்க, ஒரேயொரு வசனம்! அதுக்கு அவ பட்ட பாடு இரிக்கே!

நம்மட கல்முனை றெஜினோல்ட் மாஸ்டர்ட மகள் தினேஷா, பாரிசில ஆறு வரிசம் இருந்தித்து வந்தவ, அவதான் வாத்தியார். அந்தப் புள்ள நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. அங்க ஒவ்வொருத்தர்ட முகத்தயும் பாத்துத் தனித்தனியா பொன்ஜூர் சொல்லோணும், அதுதான் மரியாத அக்கா எண்டு. என்ட மனிசி கேக்கோணுமே! தனித்தனியா எனக்கு ஏலா, கூட்டத்துக்கு ஒரேயடியாச் சொல்றத்துக்கு ஒண்டு தா எண்டு ஒத்தக் கால்ல நிண்டா. மறுகாத்தான் தினேஷா சொன்னா, பொன்ஜூர் து ல மோந்த். எல்லாருக்கும் வணக்கமாம். அதென்ன புள்ள மோந்து, வாற ஆக்கள மோந்து பாக்கோணுமா எண்டு கேட்டிரிக்கா இவ.

அந்த நாளில இருந்து எங்கட கோழியெல்லாம் பிரெஞ்சுக் கோழி. குறுணல் போடக்குள்ள பொன்ஜூர் து ல மோந்த். மீன்காரனச் சுத்தி நிக்கிற பொம்புளையளுக்கும் அதுதான். மாதர் சங்கக் கூட்டத்தில எழும்பி வணக்கம் சொல்லப் போய் இதச் சொல்லித்தா. அக்காவுக்குச் சுகமில்லையோ எண்டு செயலாளர் சிவரூபினி எனக்குப் போன் எடுத்தவ!

நேத்துப் பகல் கட்டுநாயக்கா எயார்போட்டில நிக்கம். கதவு திறந்து வாறாங்க. முன்னுக்கு மருமகள், தாய் தகப்பன், மத்த ஆக்கள். கடைசியில பெட்டி வண்டில தள்ளித்து கிசோக். இவ சேலத் தலைப்ப இழுத்து விட்டித்து, ரெண்டு எட்டு முன்னால வெச்சி, மைக்குத் தேவையில்லாத சத்தத்தில சொன்னா பாருங்க, பொன்ஜூர் து ல மோந்த்! டக்சிக்காரனெல்லாம் கிறுகிப் பாத்தானுகள். வந்த ஆக்கள் ஒரே குரலில பொன்ஜூர் எண்டு கத்தி, சம்பந்தியம்மா ஓடி வந்து ரெண்டு கன்னத்திலயும் கொஞ்சித்தா. இவக்கு வெக்கம் தாங்கல்ல.

கிசோக் மட்டும் கிட்ட வாறல்ல. வண்டில் கம்பியப் புடிச்சித்து அப்பிடியே நிக்கிறான். மெல்லமாக் கேட்டான், அம்மா, எனக்கும் சேத்துத்தானா எண்டு. இவ வேறெங்கயோ பாத்தித்து, எல்லாருக்கும் எண்டுதானேடா சொன்னன் எண்டா.

சொன்ன பிறகுதான் வாயப் பொத்தினா. அது தமிழெல்லோ!

ஓ, உங்களுக்குத் தெரியாதென்ன? எங்களக் கேளாமக் கட்டித்தான் எண்டு அஞ்சு வரிசமா அவனோட ஒரு சொல்லுக் கதைக்கல்ல அவ. அவன் போன் எடுத்தா என்ட கையில தந்தித்து எழும்பிப் போயிருவா. கூட்டத்தோட சேத்துச் சொன்னா அவனுக்கும் போகும், ஆனா அவனோட கதைச்சதா ஆகாது, அதுதான் அவட கணக்கு. எனக்கே அங்கதான் விளங்கின.

ஓம் காக்கா, குசினிக்குள்ள கேக்கிற சத்தம் அவதான். விடிஞ்சதில இருந்து கிசோக்கத்தான் ஏசுறா.