கிணற்றடியில் வந்த கரண்டி

அக்கராயன் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். மூத்தவர் கையில் கறுத்துப்போன சின்னக் கரண்டி ஒன்று. வாழை வைக்கக் கிணற்றடியைக் கிண்டியபோது வந்ததாம்.

இளையவர் திருப்பிப் பார்த்தார். "பின்னுக்குச் சிங்க முத்திரை கிடக்கு. அசல் வெள்ளி அக்கா. புளி போட்டுத் தேய்க்காதேங்கோ, முத்திரை அழிஞ்சால் விலை போகாது."

"விக்கிறதுக்கில்லை. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து வந்து எங்கட வளவில இருந்த ஆரோ மண்ணுக்குள்ள தாட்டு வைச்சது. தேடி வருவினம்."

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகோ?"

"உடையார்கட்டில ஒரு வீட்டு மாமரத்தடியில நானும் வெள்ளிச் செம்பு தாட்டனான். போன மாசம் போய்க் கேட்டன். அந்த வீட்டுக்காரர் அலுமாரிக்குள்ள வைச்சிருந்து எடுத்துத் தந்தவை. புளி போட்டு மினுக்கியும் வைச்சிருந்தவை."