கண்ணாடிப் பெட்டிக்குள் குடில்

மலேசியாவில் லூபோக் சீனா என்ற சிற்றூரிலிருந்து மலாக்கா நகருக்குப் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அம்மாவும் வேலைக்குப் போகும் மகளும். மகள் தானே அமைக்கப்போகும் கேமிங் கணினிக்கு மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டியைக் கைப்பேசியில் காட்டினாள்.

“ஹால் மூலையில வச்சாதான்மா அழகு.”

“அந்த மூலை கிறிஸ்மஸ் குடிலுக்கு. உன் ரூம்ல வை.”

“ரூம்ல யாரும்மா பார்ப்பா? ஒவ்வொரு பார்ட்டா நானே மாட்டப் போறேன்லா!”

அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். “அப்ப குடில இதுக்குள்ளயே வச்சிடலாமா?”

சிரித்தால் என் மடியில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“உள்ள சூடா இருக்கும்மா!”

“மாட்டுத்தொழுவம்டி, கதகதப்பா இருக்கட்டும்.”

“ஃபேன் சுத்தும், வைக்கோல் பறக்கும்.”

“பசை போட்டு ஒட்டு. ஆனா இது சின்னதுலா, மூணு ராஜாக்களோட ஒட்டகம் நுழையாது. பெருசா ஒண்ணு பாரு.”