ஊசி திரும்பின பக்கம்

பொழுதுபட்டு இருள்கிற மைம்மல் நேரம். மணற்காட்டுப் பாதையில் ஒரு காக்கைகூட இல்லை... இது தேவராசாவின் மனைவியின் தமையன் பரமலிங்கத்துக்கு நடந்தது. கடற்கரை வாடிக் கொட்டிலில் விளக்கைச் சுற்றி ஒட்டியிருந்த கடற்றொழிலாளரிடம் தேவராசாதான் சொன்னான்.

பரமலிங்கத்துக்கு மண்ணுக்கடியில் இரும்புத்தாது தேடுகிற உத்தியோகம். முக்காலியில் காந்தப் பெட்டி. கீழே தாது கிடந்தால் ஊசி திரும்பும். தூக்குகிற ஆளிடம் இரும்பிருந்தால் பெட்டி பொய் சொல்லும். அதனால் பெல்ட், திறப்புச் சாவி, பேய்க் காவலுக்கென்று மனைவி கனகாம்பிகை அரைநாணில் கட்டிவிட்ட ஆணி... எல்லாம் ஜீப்பில்.

கால் மணலில் புதைந்து புதைந்து கடுத்தது. பிறந்த பிள்ளையின் முகம் இன்னும் பார்க்கவில்லை. இந்த முளை வரிசையை அளந்து முடித்தால்தான் வீடு.

ஊசி திரும்பியது. அடுத்த முளையிலும் அதே அளவு. எங்கே வைத்தாலும்... அவன் முதுகுப் பக்கம்.

"கந்தப்பு, மடிக்குள்ளை பாக்குவெட்டி வைச்சிருக்கிறியோ?"

அளவு நாடா பிடிக்கிற கந்தப்பு சிரித்தான். "சாரத்தை உரிஞ்சு காட்டட்டோ ஐயா?"

"அந்தக் கண்றாவி வேண்டாம். தள்ளிப் போய் நில்."

கந்தப்பு தள்ளிப் போனான். ஊசி அசையவில்லை. பின்னால் மணல்... சரக்... சரக். நனைந்த துரு மணம். பரமலிங்கம் திரும்பினான். யாருமில்லை.

"பெட்டி பழுது," என்றான். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

ஜீப் பருத்தித்துறையில் இறக்கிவிட்டது. ஆணியை ஜீப்பிலேயே மறந்து, பெட்டியோடு வீட்டுக்குள் போனான். விறாந்தையில் வைத்துப் பார்த்தான். ஊசி வாசற்படியைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தொட்டிலுக்குக் கீழை கிடக்கிற கத்திதான் குழப்புது. எடு."

"பச்சைப் பிள்ளையப்பா! இரும்பு கிடக்கட்டும்."

"ஒருக்கா எடன். பாத்திட்டு வைக்கிறன்."

கனகாம்பிகை முணுமுணுத்தபடி கத்தியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள்.

ஊசி நகர்ந்தது. வாசற்படியை விட்டு... மெல்ல... அவனைக் கடந்து... தொட்டிலில் நின்றது. வீடெல்லாம் துரு மணம். பிள்ளை வீறிட்டுக் கத்தியது; சட்டென்று நிறுத்தியது. தொட்டில் தானாக ஆடத் தொடங்கியது.

வாடியில் தேவராசா பீடியைப் பற்றவைத்தான்.

"பிள்ளை?" என்றான் கதை கேட்டிருந்தவர்களில் ஒருவனான சிமியோன்.

"இருக்கிறான். வளந்திட்டான். கடலுக்குமட்டும் ஏத்தமாட்டம்."

"ஏன் அண்ணை?"

"அவன் வள்ளத்திலை கால் வைச்சா, திசைகாட்டி வடக்கைக் காட்டாது... அவனைக் காட்டும்."