ஜான்சிக்கு மட்டும் போகாத செய்தி

காப்பி கொடுக்கவில்லையே என்று தப்பாக நினைக்க வேண்டாம், அண்ணாச்சி. மாட்டுங்காவில், அதுவும் ஒரு பாலக்காட்டு வீட்டில், வந்தவருக்குக் காப்பி இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் என் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாடுகிறவர்கள். காப்பி தொண்டையை உலர்த்திவிடும். அதனால் பொடி வாங்குவதையே விட்டுவிட்டேன். வெந்நீர் இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.

பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். ஞானராஜ் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை இந்த நேரத்தில் பூட்டிக் கிடப்பதைத் தாராவி பார்த்திருக்காது. வந்தவுடன் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "எம்புள்ளைக்கு எதுக்கு சார் இப்படிப் பண்ணுனிய?" அதையும் சத்தம் போடாமல் கேட்டீர்கள். அப்படிக் கேட்கிறவருக்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்வதுதான் மரியாதை. சொல்கிறேன். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். பாதி கேட்டால் என்னைப் பற்றித் தவறான எண்ணம்தான் மிஞ்சும்.

என்னை உங்களுக்கு மகள் ஜான்சிக்குப் பியானோ வாசிக்கிற ஜம்பு அங்கிளாகத்தான் தெரியும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாதரில் ஒரு கோவாக்கார அம்மாளிடம் பியானோ படித்தேன். அந்த வீட்டில்தான் ஆப்பெராவை முதலில் கேட்டேன். கதை முழுவதையும் பாட்டாகவே பாடி நடிக்கிற மேல்நாட்டு நாடகம் அது. மைக் கிடையாது. இத்தனை வயலின், இத்தனை டிரம்பெட்டுக்கு மேலே கடைசி வரிசைக்காரனுக்கும் வெறும் தொண்டையை வைத்தே கேட்கச் செய்ய வேண்டும். இதையெல்லாம் நம் ஆட்களில் யார் பாடுகிறார்கள் என்று நீங்களே ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள். கோவாவில் பாடுகிறார்கள், புனேயில் பாடுகிறார்கள், காட்கோபரில் பாடுகிறார்கள். உங்கள் சர்ச்சுப் பாடகர் குழுவிலும் ஒருத்தி பாடினாள்.

இவர்களுக்கு வாய்ப்பு எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. எந்த ஊர் அரங்கில் கோரஸுக்கு ஆள் எடுக்கிறார்கள், யார் உதவித்தொகை தருகிறார்கள், எந்தப் பெரிய வாத்தியார் பம்பாய்க்கு வந்து ஒரு வாரம் சொல்லித்தரப் போகிறார், எல்லாவற்றையும் திரட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். வருஷக்கணக்காக அனுப்பி அனுப்பி, பிள்ளைகள் தாங்களாகத் தேடுவதையே மறந்துவிட்டார்கள். அரங்கத்தின் சொந்த வெப்சைட்டில் ஒரு விளம்பரம் வந்திருந்தால்கூட எனக்குப் போன் போட்டு, "இது சச்சா தானே அங்கிள், நிஜம்தானே?" என்று கேட்டுக்கொண்டுதான் விண்ணப்பிப்பார்கள். நான் அனுப்பாத வாய்ப்பு அவர்களைப் பொறுத்தவரை இல்லாத வாய்ப்பு. அந்த நம்பிக்கையை நான் கேட்டு வாங்கவில்லை. அதுவாக வந்து சேர்ந்தது.

ஜான்சியை இங்கே அழைத்து வந்தது நகுல். காட்கோபர் பையன், கனத்த குரல். உங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணத்தில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறான். வந்த அன்று நோட்டேஷன் சரியாக வாசிக்கத் தெரியாமல் நின்றாள். இவ்வளவு பெரிய குரல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்க லைன் வீட்டு சால்ல தண்ணி வந்தா நான்தான் அங்கிள் லவுட்ஸ்பீக்கர். மேல நின்னு ஒரு கொரல் குடுத்தா பூரா கல்லியும் கொடத்தோட வந்திரும்" என்றாள். நான் சிரித்தேன். இந்த வீட்டில் நான் சிரித்து நாளாகியிருந்தது.

பியானோக்காரனுக்குப் பாடுகிறவரின் மூச்சு தெரிய வேண்டும், அண்ணாச்சி. ஜான்சி எங்கே மூச்சு எடுப்பாள் என்று சில மாதங்களிலேயே அவளுக்கு முன்னால் என் விரலுக்குத் தெரிந்தது. அதற்கு முன் எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். ஃபைலில் முத்திரை குத்துகிற மாதிரி வாசிக்கிறீர்கள் என்பாள் விசாலாக்ஷி, என் மனைவி. ஜான்சிக்கு வாசிக்கும்போது அப்படி இல்லை. சத்தம் அதிகம் என்று குடியிருப்புச் சொசைட்டியில் புகார் எழுதிக் கொடுத்த இரண்டாவது மாடிக்காரர்களே மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த மழைக்காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. இளம் பாடகர்களுக்கான பயிற்சி, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எல்லோருக்கும் அனுப்பினேன். ஜான்சியின் எண்ணை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். அவள் இன்னும் பழுக்கவில்லை என்று நினைத்தேன். தாராவி வெயிலில் வளர்ந்த பெண், அந்தக் குளிரில் தனியாக என்ன செய்வாள்? சாப்பாடு பிடிக்காது, பேச ஆள் இருக்காது. பொறுப்புள்ள எந்தப் பெரியவனும் அப்படித்தான் நினைப்பான். அடுத்து வியன்னாவிலிருந்து ஒன்று வந்தது, அப்புறம் லண்டனிலிருந்து. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து யோசித்துத்தான் அவள் எண்ணை எடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்துவிடவில்லை. அவளைவிடச் சுமாராகப் பாடுகிறவர்கள் போனார்கள். அவர்கள் போவதில் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

"என்ன அங்கிள், சோப்ரானோவுக்கு ஒண்ணுமே வர மாட்டேங்கு? மார்க்கெட் ஏக்தம் டல்லா?" என்று கேட்பாள். உச்சக்குரல் பெண்களைச் சோப்ரானோ என்பார்கள். சீசன் அப்படி, பொறு என்பேன். பொறுத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள்.

என் மகன் கௌசிக் அமெரிக்கா போய்த் திரும்பாததையும், அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன விசாலாக்ஷி அங்கேயே தங்கிவிட்டதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். நகுல் அப்படி ஏதாவது சொல்லியிருப்பான். அது வேறு, இது வேறு.

இந்த வருஷம் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் அரங்கத்திலிருந்து இரண்டு பேர் நேரடியாகப் பாட்டுக் கேட்டு ஆள் எடுக்கப் பம்பாய்க்கு வருவதாக இருந்தது. ஒரே ஒரு சோப்ரானோ. இரண்டு வருஷ வேலை, மாதச் சம்பளம். வழக்கம்போல ஒரு எண்ணை எடுத்துவிட்டு அனுப்பினேன். நகுல் அதை ஜான்சிக்குத் தட்டிவிட்டான். அவள் வீடியோ எடுத்து அனுப்பினாள். நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருப்பாள் போல, மூச்சு வாங்க நின்றாள். ஏன் தனக்கு மட்டும் செய்தி வரவில்லை என்று என்னிடம் அவள் கேட்கவே இல்லை. "என் போன் ஏக்தம் டப்பா அங்கிள். உங்க மெசேஜ் எனக்கு வரவே இல்ல பாருங்க" என்று கையிலிருந்த போனைத்தான் திட்டினாள். நீங்கள் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். நன்றாக இருந்தது.

அவளை எடுத்துக்கொள்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே அரங்கத்துக்கென்று சொந்தமாகப் பியானோக்காரர் இருப்பார். அவளுடைய மூச்சை அவர் கற்றுக்கொள்வார்.

பிறகு அவளுக்குச் சளி பிடித்து, இருமி இருமிக் குரல் கம்மியது. செம்பூர் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றபோது கடையை விட்டு வர முடியாமல், "நீங்க கூடப் போனா எனக்கு நிம்மதி சார்" என்று என்னைத்தான் அனுப்பினீர்கள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று கசிந்திருக்கிறது, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது, திறக்காவிட்டால் முழுதாக ஆறிவிடும், இந்த நிலையில் பாடினால் குரல் திரும்பாமலே போய்விடலாம் என்றார். நேர்முகத்துக்கு அதற்கு மேலும் நாள் இருந்தது. அதனால் அவள் பயப்படவில்லை. வழி முழுவதும் பேசாமல் போனில் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். டாக்ஸியில் என் பக்கம் நீட்டிய போனில், "அப்பா ரொம்ப குஷியா இருப்பாங்க, வீட்ல பேச்சே இல்லைன்னு" என்று இருந்தது.

மௌனத்தின் மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு செய்தி போனது. ஜெர்மனிக்காரர்கள் பட்டியலைச் சுருக்குகிறார்கள், எல்லோரும் முழுக்குரலில் புதிதாக ஒரு பாட்டுப் பதிவு செய்து நாளைக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாதவர்களைக் கூப்பிட மாட்டார்கள் என்று. என் எண்ணிலிருந்துதான் போனது. அதனால் அவள் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

மறுநாள் மதியம் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "டாக்டர் வேண்டாம்னாரே?" என்று தட்டிக் காட்டினாள். "டாக்டர்கள் பயமுறுத்தித்தான் சொல்லுவா. ஒரு தடவைதானே, மெதுவாச் சூடு பண்ணிண்டு பாடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், அண்ணாச்சி, அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பாடினாள். உச்சத்தில் ஒரு சுரத்தை நெடுநேரம் பிடித்து நிற்க வேண்டிய பாட்டு. நின்றாள். அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. முடித்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரோட்டில் ஹாரன் அடித்தது பதிவாகிவிட்டது, இன்னொரு தடவை என்றேன். மறுபடியும் பாடினாள். உச்சம் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் வந்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. நடுவில் என் விரல் தவறிவிட்டது, மன்னித்துக்கொள், கடைசியாக ஒரே ஒரு தடவை என்றேன். மூன்றாவது தடவை அந்தச் சுரத்துக்கு ஏறும்போது குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. நான் அந்த வரியை முடிவு வரை வாசித்தேன். நடுவில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

அவள் முதலில் தட்டிய வார்த்தை "சாரி அங்கிள்" என்பது. நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, கீழே போய் டாக்ஸி பிடித்து, பள்ளம் பார்த்து மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொல்லி ஏற்றிவிட்டேன். மேலே வந்து படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நாணில் தழும்பு விழுந்துவிட்டது. கடையில் அவள் விலை சொன்னால் வாங்குகிறவர்கள் என்ன என்று இரண்டாம் தடவை கேட்கிறார்கள். அவசரப்பட்டுப் பாடித் தன் தொண்டையைத் தானே கெடுத்துக்கொண்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், நீங்களும் அவளை அதற்காகத் திட்டினீர்கள். ஜெர்மனிக்காரர்கள் வந்தார்கள். மற்றவர்களுக்கு நான்தான் வாசித்தேன். ஜான்சியின் பதிவு பிடிக்கவில்லையா என்று நகுல் அவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறான், நாங்கள் யாரிடமும் பதிவு கேட்கவே இல்லையே என்று அவர்கள் விழித்திருக்கிறார்கள். அவன் நேரே உங்கள் கடைக்கு வந்தான், நீங்கள் இங்கே வந்தீர்கள்.

அவன் சொன்னது சரி. அவர்கள் கேட்கவில்லை. அந்தச் செய்தியை எழுதியவன் நான். ஹாரன் எதுவும் பதிவாகவில்லை, என் விரலும் தவறவில்லை. முதல் தடவை பாடியதிலேயே ஒரு குறையும் கிடையாது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர. அதனால்தான் இரண்டாவது தடவை கேட்டேன். அதிலும் ஆகவில்லை. அதனால் மூன்றாவது தடவை கேட்டேன்.

அழுங்கள், பரவாயில்லை. போலீசுக்குப் போவதானாலும் போங்கள். இதே வார்த்தைகளில் அங்கேயும் சொல்வேன், எந்தச் சட்டத்தில் எழுதிக்கொள்வார்கள் என்றுதான் தெரியவில்லை. ஆனால் கோபம் ஆறிய பிறகு ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் மகள் உங்களோடு இருக்கிறாள். பெற்று வளர்த்து விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலைமை உங்களுக்கு வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நான் பாடுபட்டேன்.

போகும்போது ஜான்சியிடம் ஒன்று சொல்லுங்கள். நான் வாசிக்கிற நாட்களில் அவள் எப்போதும்போல வரலாம். பாட வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.